சிகரெட்டைக் கடையில் வைப்பதா, எடுப்பதா? ஒரு மளிகைக் கடையின் கணக்கு

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். அதற்கு மூன்று நாள் முன்புதான் அவர் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். "அக்கா, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. இனிமே நான் வந்து கேட்டாலும் நீங்க குடுக்காதீங்க." சரி என்று சொல்லியிருந்தேன். அன்றைக்கு முதலில் கால் கிலோ சீனி வாங்கினார். அப்புறம் சோப்பு ஒன்று. பணத்தைக் கொடுத்த பிறகும் போகவில்லை. என் தலைக்குப் பின்னால் இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணே ஒண்ணு" என்றார். "நீங்கதானே வேண்டாம்னீங்க" என்றேன். "இன்னைக்கு மட்டும்க்கா" என்றார். பின்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலும் வந்தார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்பா ஆரம்பித்த மளிகைக் கடை இது. பதினாலு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். புகைப்பதை நிறுத்த வைப்பது டாக்டரின் வேலை, அரசாங்கத்தின் வேலை, பிடிக்கிறவரின் மன உறுதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கொத்தனார் டாக்டரைப் பார்ப்பது வருடத்துக்கு இரண்டு தடவை. என்னைப் பார்ப்பது நாளைக்கு மூன்று தடவை. இந்தக் கணக்கு மனதில் விழுந்த பிறகு கடையைப் பழையபடி நடத்த முடியவில்லை.

என்னைப் போன்ற கடைக்காரர் முன்னால் நாலு வழி இருக்கிறது. சட்டம் சொல்வதைச் செய்துகொண்டு விற்பது ஒன்று. ஒத்தையாக விற்பதை நிறுத்தி, பாக்கெட் மட்டும் கொடுப்பது இன்னொன்று. கண்ணில் படாத இடத்தில் வைத்து, கேட்டால் மட்டும் எடுத்துத் தருவது மூன்றாவது. கடையை விட்டே எடுத்துவிடுவது நாலாவது. இந்த நாலையும் இரண்டு பேரை மனதில் வைத்து எடை போட்டேன். ஒருவர், விட நினைத்து மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் நிற்கும் அந்தக் கொத்தனார். இன்னொருவர், பள்ளி விட்டுப் பையோடு வந்து மிட்டாய் வாங்கும் எட்டாம் வகுப்புப் பையன். இவர்களோடு என் கல்லாவையும் சேர்த்துப் பார்த்தேன். லாபத்தைப் பற்றிப் பேசாமல் கடைக்காரருக்கு யோசனை சொல்வதில் அர்த்தம் இல்லை.

சட்டப்படி விற்பது

பல பேர் இதை ஒரு வழியாகச் சொல்கிறார்கள். "நான் சட்டப்படிதான் விக்கிறேன், அப்புறம் என்ன?" என்று. சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருள்கள் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிலையத்தில் இருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள் விற்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே விற்பது குற்றம் என்று கடையில் பலகை வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைக்கக் கூடாது. பிராண்ட் விளம்பரம் கூடாது.

தூரத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பள்ளிக் கேட்டில் இருந்து கடை வரை நடந்து பார்த்து, 'தாண்டிவிட்டது' என்று நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அளக்க வேண்டியது பள்ளியின் சுற்றுச்சுவரில் இருந்து, வட்டத்தின் ஆரம் போல நேராக. கேட் மேற்கே இருக்கலாம், பின்சுவர் உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். எங்கள் கடையைக் கயிறு பிடித்து அளந்தேன். பின்சுவரில் இருந்து 110 மீட்டர். சட்டப்படி தப்பித்தேன். ஆனால் 91 மீட்டருக்கும் 110 மீட்டருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பிள்ளைகள் ஓடியே வந்துவிடுவார்கள்.

18 வயது விதியில்தான் நம் ஊர்க் கடைகள் அதிகம் தவறுகின்றன. பொல்லாத எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால். பையன் காசை நீட்டி, "அப்பாவுக்கு ஒரு சிகரெட்" என்பான். அவன் அப்பாவை நமக்குத் தெரியும், எந்த பிராண்ட் என்றும் தெரியும். கொடுத்துவிடுவோம். என் அப்பாவும் கொடுத்தார், நானும் பல வருடம் கொடுத்தேன். யாருக்காக என்று சட்டம் கேட்கவில்லை. யார் கையில் கொடுத்தாய் என்றுதான் கேட்கிறது. புகையிலைச் சட்டத்தில் இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். ஆனால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு வேறு மாதிரி: குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். இதை என் தம்பிக்கு, அதாவது சித்தப்பா மகனுக்குப் படித்துக் காட்டியபோது அவன் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். அவன் டீக்கடை வைத்திருக்கிறான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தண்டனையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. "அப்பாவுக்கு" என்று வாங்கிப் போகும் பையன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறான், வாசனை அறிகிறான், விலை அறிகிறான், கடைக்காரி தடுக்க மாட்டாள் என்றும் அறிகிறான். அவனே தனக்காகக் கேட்கும் நாளில் அவனுக்குப் புதிதாக எதுவும் இருக்காது.

அந்தப் பையன்களின் அப்பாக்களிடம் போய், "இனிமே பிள்ளையை அனுப்பாதீங்க, நீங்களே வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் வெட்கப்பட்டார். அதோடு முடிந்தது. காசே செலவில்லாத காரியம் இது.

இந்த முதல் வழி பையனுக்குக் கொஞ்சம் உதவுகிறது. கொத்தனாருக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சாயங்காலம் நான் சட்டத்தில் ஒரு எழுத்தையும் மீறவில்லையே. அதனால் சட்டப்படி விற்பதை ஒரு தேர்வாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. அது எல்லாரும் நிற்க வேண்டிய தரை. யோசனை அதற்கு மேலேதான் ஆரம்பிக்கிறது.

ஒத்தை சிகரெட்

கார்த்திகையில் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதினேன். சிகரெட் விற்ற தடவை மொத்தம் 212. அதில் முழு பாக்கெட் 25 தடவைதான். மற்றதெல்லாம் ஒன்று, இரண்டு. எங்கள் கடை மட்டும் இப்படி இல்லை. நாட்டில் பெரும்பாலான சிகரெட் ஒத்தையாகத்தான் கைமாறுகிறது.

இதில் இருக்கும் விபரீதத்தை முதலில் நான் யோசித்ததே இல்லை. 2016 ஏப்ரலில் இருந்து பாக்கெட்டின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் வருகிறது. 2018இல் இருந்து, விட நினைப்பவர்கள் கூப்பிட வேண்டிய இலவசத் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கிறது: 1800-11-2356. இவ்வளவு பாடுபட்டு அச்சடித்த அந்தப் படத்தையும் எண்ணையும் எங்கள் கடையில் யார் பார்த்தார்கள்? நான் மட்டும்தான். பாக்கெட் என் கையில், சிகரெட் அவர்கள் கையில். ஒத்தையாக விற்கும் கடைக்காரர் தனக்குத் தெரியாமலேயே எச்சரிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பொருளை மட்டும் கொடுக்கிறார்.

பையனுக்கு இது இன்னும் பெரிய வாசல். பத்து சிகரெட் உள்ள பாக்கெட் வாங்கும் காசு எட்டாம் வகுப்புப் பையனிடம் இருக்காது. இருந்தாலும் வீட்டில் எங்கே ஒளிப்பான்? ஒன்று வாங்கும் காசு இருக்கும், பள்ளிக்கு வெளியே பிடித்துவிட்டு, ஒரு பாக்கு மிட்டாய் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்த மிட்டாயும் அதே கடையில், அதே மேசையில்தான் இருக்கிறது. 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு யோசனை எழுதியது. புகையிலை விற்கும் கடைகளுக்கு உள்ளாட்சி அமைப்பு அனுமதி தர வேண்டும், அந்தக் கடைகளில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் விற்கக் கூடாது என்று. அது ஊருக்கு ஊர் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் யோசனை எதைக் குறிவைத்தது என்பது என் மேசையைப் பார்த்தபோது புரிந்தது. ஒரு பக்கம் கடலை மிட்டாய் பாட்டில், ஒரு ஜாண் தள்ளித் திறந்த சிகரெட் பாக்கெட்.

மகாராஷ்டிரம் 2020இல் ஒத்தை விற்பனைக்குத் தடை போட்டது. கர்நாடகமும் அதற்கு முன்பே போட்டிருக்கிறது. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, கடைக்காரர் தானே நாளைக்கே நிறுத்தலாம்.

எதிர்ப்பக்கமும் நியாயமானது, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஆட்டோ ஓட்டுபவர், நாளைக்கு எட்டில் இருந்து மூன்றாகக் குறைத்ததே ஒத்தையாக வாங்கித்தான். "பாக்கெட் கையில இருந்தா பத்தும் போயிரும்க்கா, கடைக்கு நடந்து வந்தாத்தான் குறையும்" என்றார். உண்மைதான். பாக்கெட் மட்டும் என்று ஆக்கினால் இவரைப் போன்ற சிலருக்கு அது பாதகமாக முடியலாம். நான் இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தேன். குறைக்கிறவர் ஒருவர், ஆரம்பிக்கும் வாசலில் நிற்கும் பையன்கள் பல பேர். ஆட்டோக்காரருக்கு வேறு வகையில் உதவ முடியும். பையனுக்கு அந்த வாசலை மூடுவதைத் தவிர வேறு உதவி எனக்குத் தெரியவில்லை.

கொத்தனார்? அன்றைக்கு அவர் கேட்டது "ஒண்ணே ஒண்ணு". பாக்கெட்தான் உண்டு என்று நான் சொல்லியிருந்தால், பத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். வாங்கியும் இருக்கலாம். ஆனால் 'இன்றைக்கு மட்டும் ஒன்று' என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்குப் பாக்கெட்டில் இடம் இல்லை.

கண்ணில் படாமல்

மூன்றாவது வழியை நான் முதலில் லேசாக நினைத்தேன். மறைத்து வைத்தால் என்ன ஆகிவிடும், பிடிக்கிறவருக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதா? இங்கிலாந்தில் 2012 ஏப்ரலில் பெரிய கடைகளிலும், 2015 ஏப்ரலில் சின்னக் கடைகளிலும் சிகரெட்டைக் காட்சிக்கு வைப்பதையே தடை செய்தார்கள். அயர்லாந்து அதற்கு முன்பே, 2009இல். அங்கே கடைகளில் மூடிய அலமாரிதான் இருக்கும்.

அதன் நியாயம் கொத்தனார் நின்ற விதத்தில் இருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார். சீனி வாங்க வந்தவருக்கு நினைப்பு மூட்டியது அந்த அலமாரிதான். நிகோட்டின் ஏக்கம் ஒவ்வொரு தடவையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், அதைத் தாண்டிவிட்டால் தணிந்துவிடும். விட்டவருக்கு முதல் சில நாள்தான் மிகக் கடினம், இரண்டாம் மூன்றாம் நாளில் தவிப்பு உச்சத்துக்குப் போகும். அவர் வந்து நின்றது மூன்றாம் நாள். அந்தச் சில நிமிடத்தில் கண் முன்னால் பளபளவென்று அடுக்கி வைத்திருந்தது நான்.

அடுக்கியது நானும் இல்லை, உண்மையில். ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, எந்தத் தட்டில் எது வர வேண்டும், எது கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று வைத்துக் காட்டிவிட்டுப் போவார். அலமாரியை அவர்கள் இலவசமாகத் தந்தபோது நல்ல மரம், நல்ல விளக்கு என்று சந்தோஷப்பட்டேன். கடையில் மிக நல்ல இடம் எது என்று எனக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லாவில் நிற்பவரின் தலைக்குப் பின்னால். காசு கொடுக்கும் ஒவ்வொருவரின் கண்ணும் வந்து நிற்கும் இடம்.

மறைப்பதற்குச் செலவு ஒரு திரைச்சீலை அல்லது மேசைக்குக் கீழே ஒரு டப்பா. லாபத்தில் பெரிதாக அடி விழாது, ஏனென்றால் பழகியவர் கேட்டு வாங்கிப் போய்விடுவார். கூடவே ஒன்றையும் எடுக்க வேண்டும்: கடை வாசலில் கயிற்றில் தொங்கும் லைட்டர். பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் கடுமையாக இருக்கிறது. சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்றவற்றை அங்கே வைத்துத் தரவும் கூடாது. சிகரெட்டைக் கொடுத்து, அதே இடத்தில் நெருப்பும் கொடுத்தால், அந்தப் புகை அரிசி வாங்க வந்த கர்ப்பிணிக்கும் சேர்த்துத்தான்.

இந்த வழி செலவு குறைந்தது, உடனே செய்யலாம், விட நினைப்பவருக்கு உண்மையிலேயே கைகொடுக்கும். குறை ஒன்றுதான். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொத்தனார் கேட்டேவிட்டார் என்றால் திரைச்சீலை ஒன்றும் செய்யாது.

முழுக்க எடுப்பது

இதில்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உலகத்தில் இதைச் செய்த பெரிய கடைகளில் ஒன்று அமெரிக்காவின் சிவிஎஸ் மருந்துக் கடைச் சங்கிலி. அங்கே மருந்துக் கடையிலேயே சிகரெட் விற்பது வழக்கம். (நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சிகரெட் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்கள். அந்த வகையில் நாம் தப்பித்தோம்.) 2014 பிப்ரவரியில் அறிவித்து, செப்டம்பர் 3ஆம் தேதியில் இருந்து 7,600க்கு மேற்பட்ட கடைகளில் புகையிலையை எடுத்துவிட்டார்கள். வருடத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் விற்பனை போகும் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

வழக்கமான கேள்வி, "அவன் பக்கத்துக் கடைக்குப் போவான், அவ்வளவுதானே?" என்பது. பின்னால் ஆய்வு செய்தபோது, அந்தக் கடையில் மட்டுமே சிகரெட் வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் சிகரெட் வாங்குவதையே விட்டுவிடும் வாய்ப்பு மற்றவர்களை விட 38 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அதன் உள்காரணம் எனக்கு நம்பும்படி இருக்கிறது. எல்லாரும் அடுத்த கடைக்குப் போவதில்லை. அரைமனதோடு இருப்பவர், விட நினைத்துக்கொண்டே இருப்பவர், அந்த ஐம்பது காலடி நடப்பதற்குள் மனம் மாறுபவர் என்று சிலர் இருக்கிறார்கள். நிறுத்துகிற கடை உதவுவது அவர்களுக்குத்தான்.

நெதர்லாந்தில் கடைக்காரர் முடிவுக்கு விடாமல், 2024 ஜூலை 1 முதல் சூப்பர் மார்க்கெட்டில் புகையிலை விற்கவே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நியூசிலாந்து 2022இல் விற்கும் கடைகளின் எண்ணிக்கையைச் சுமார் 6,000த்தில் இருந்து 600ஆகக் குறைக்கச் சட்டம் செய்து, ஆட்சி மாறியதும் 2024இல் அதைத் திரும்பப் பெற்றது. சட்டம் வரும், போகும். ஆனால் அந்த நாடுகள் எல்லாம் ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கின்றன: எத்தனை கடையில் கிடைக்கிறது என்பதே புகைப்பழக்கத்தின் ஒரு காரணம்.

சரி, கல்லாவுக்கு வருவோம். எங்கள் கடையில் மாத விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு சிகரெட், பீடி. ஆனால் மாத லாபத்தில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கமிஷன் குறைவான சரக்கு அது. விற்பனைத் தொகை பெரிதாகத் தெரிவதால் லாபமும் பெரிது என்று ஒரு மயக்கம் வந்துவிடும். அதோடு, எங்களுக்குச் சிகரெட் கைக்காசு கொடுத்து எடுக்கும் சரக்கு. பருப்பும் எண்ணெயும் பத்து நாள், பதினைந்து நாள் கடனுக்குக் கிடைக்கின்றன. சிகரெட்டில் முடங்கும் பணத்தை வேறு சரக்கில் போட்டால் என்ன கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை, நானும் போட்டதில்லை.

பெரிய பயம், சிகரெட்டுக்கு வருபவர் மற்ற சாமானும் வாங்குகிறாரே, அதுவும் போய்விடுமே என்பது. அதே கார்த்திகை நோட்டில் அதையும் எழுதியிருந்தேன். 212 தடவையில் கூட வேறு சாமான் வாங்கியது 58 தடவை. அவர்களிலும் பாதிப் பேர் வாங்கியது தண்ணீர் பாட்டில், மிட்டாய், தீப்பெட்டி. அரிசி, பருப்பு வாங்கும் குடும்பங்களில் சாமான் வாங்குவது பெரும்பாலும் பெண்கள். சிகரெட் இல்லை என்பதற்காக அவர்கள் கடை மாறப்போவதில்லை.

பீடி வேறு கதை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். முறத்தை மடியில் வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, பீடிக்கடையில் கொண்டுபோய்க் கணக்குக் கொடுக்கும் பெண்கள்தான் என் கடையில் பருப்பு வாங்குகிறார்கள். நான் பீடியையும் எடுக்கப்போகிறேன் என்றதும் ஒரு பெரியம்மா கேட்டார்: "நீ விக்காட்டா நாங்க சுத்துறதை யாரு வாங்குவா?" அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சுற்றும் பீடி வடநாடு வரை போகிறது, என் கடையின் சில கட்டுகளால் அவர் கூலி குறையாது. அது கணக்கு. ஆனால் அந்தப் பெரியம்மாவுக்கே நாள் முழுக்கத் தூளைச் சுவாசித்து இருமல். பீடி, சிகரெட்டை விடக் குறைந்த கேடு என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது பொய். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு வேறு வேலை என்ன என்பது என் கடை தீர்க்கக்கூடியது அல்ல. ஆனால் அது தீராதவரை இந்தப் பேச்சில் அவர்களை விட்டுவிடக் கூடாது.

எடுப்பதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொன்று, விட நினைப்பவருக்கு ஒரு வார்த்தை. அந்த 1800-11-2356 எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். நிகோட்டின் சூயிங்கம் வைக்கலாமா என்றும் யோசித்தேன். 2 மில்லிகிராம் உள்ளது மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, பலருக்கு உதவுகிறது. ஆனால் அதிலும் நிகோட்டின் இருக்கிறது, மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள் அல்ல. எத்தனை, எத்தனை வாரம் என்று சொல்லத் தெரிந்தவர் கையில் இருந்து போவதே நல்லது. அதனால் கேட்பவரை மெடிக்கலுக்கு அனுப்புகிறேன். இ-சிகரெட்டைக் கேட்டும் இரண்டு கல்லூரிப் பையன்கள் வந்தார்கள். 2019இல் இருந்து நாடு முழுக்க அதை விற்பதே குற்றம், பேச்சுக்கே இடமில்லை.

தை ஒன்றாம் தேதியில் இருந்து எங்கள் கடையில் சிகரெட், பீடி இல்லை. மார்கழியிலேயே சொல்லிவிட்டேன், புதுச் சரக்கு எடுக்கவில்லை, இருந்தது தீர்ந்தது. அலமாரியைக் கொடுத்தவர்களுக்கே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த இடத்தில் இப்போது நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, சிறுதானிய மாவு. கண் மட்டத்து இடம் எவ்வளவு விற்கும் என்பதைக் கருப்பட்டி எனக்குக் காட்டியது. தையிலும் மாசியிலும் லாபம் குறைந்தது. பங்குனியில் கொஞ்சம் ஏறியது. ஆனி வந்தும் முழுதாகப் பழைய அளவு வரவில்லை, வந்துவிட்டது என்று பொய் சொல்ல விரும்பவில்லை. தாங்கக்கூடிய குறை.

"இல்லை" என்று சொல்வது நான் நினைத்ததை விட எளிதாக இருந்தது. ஒளித்து வைத்திருந்தால் ஒவ்வொருவரிடமும் வாதாட வேண்டும், இவருக்குக் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இல்லாத சரக்குக்கு வாதம் இல்லை. கொத்தனார் இன்னொரு தடவை முயற்சி செய்கிறார். சில நாள் பிடிக்கிறார், சில நாள் இல்லை. என் கடையில் நிற்கும்போது மட்டும் அவருக்கு அந்தப் போராட்டம் இல்லை.

எந்தக் கடைக்கு எது

மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட், ஸ்டேஷனரி, ஜூஸ் கடை என்று வேறு சரக்கில் ஓடும் கடையாக இருந்தால், நேராக நாலாவது வழிக்கே போங்கள் என்பேன். ஒரு வாரம் நோட்டுப் போட்டுப் பாருங்கள், உங்கள் லாபத்தில் சிகரெட்டின் பங்கு நீங்கள் நினைத்ததை விடச் சின்னதாக இருக்கும். நடுவில் நின்று ஒத்தையை மட்டும் நிறுத்துவது, மறைத்து வைப்பது எல்லாம் இப்படிப்பட்ட கடைக்குத் தேவையில்லாத இழுபறி.

பெட்டிக்கடையும் டீக்கடையும் அப்படி அல்ல. என் தம்பியின் டீக்கடையில் டீயும் தம்மும் ஜோடி. காலை ஐந்தரைக்கு வரும் லாரிக்காரர்கள் ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் சிகரெட்டோடுதான் நிற்பார்கள். அவன் லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அதில் வருகிறது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவனிடம் போய் நாளைக்கே எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் கேட்டபோது வரிசை மட்டும் சொன்னேன். முதலில் பிள்ளைகள் கையில் கொடுப்பதை அன்றே நிறுத்து. பிறகு லைட்டர். பிறகு பாக்கெட்டுகளை மேசைக்குக் கீழே இறக்கு. அப்புறம் ஒத்தையை நிறுத்து. வருமானம் அதிகம் அடிபடும் இடம் அதுதான், அதற்குள் வடை, சுண்டல், காலைச் சாப்பாடு என்று எதையாவது நிலைநிறுத்து. அதற்கு மேல் உன் முடிவு.

"ஒத்தையை நிறுத்துனா கூட்டம் போயிரும்க்கா" என்றான். கொஞ்சம் போகும், ஆமாம் என்றேன். ஆனால் புகை பிடிக்காதவர்கள், குழந்தையோடு வருபவர்கள் அவன் கடையில் உட்காரவே மாட்டார்கள், வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அந்தக் கூட்டம் எவ்வளவு என்று அவன் எண்ணிப் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர்கள் நின்றதே இல்லை. அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

போன வாரம் போனபோது அவன் கடைத் தூணில் லைட்டர் கயிறு இல்லை. உள்ளே பெஞ்சில் ஒரு அம்மாவும் பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளையும் உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிகரெட் இன்னும் இருக்கிறது, மேசைக்குக் கீழே. ஒத்தையை ஆடி முடிந்து ஆவணி முதல் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறான். பணியாரச் சட்டி இன்னொன்று வாங்க வேண்டும், நல்ல கடை எது என்று என்னிடம் கேட்டான்.